பூசணி இலையில் வட்டம் போடும் வண்டு

போன ஆடிப் பட்டத்தில் கொல்லையில் சுரை, பூசணி, பீர்க்கன், பாகல் நாலையும் குழிக்கு நாலு விதையாக ஊன்றினேன். முளைத்து முதல் இரண்டு இலை விரிந்த கையோடு பூசணி நாற்று சல்லடையாகிவிட்டது. ஆரஞ்சு கலந்த சிவப்பில், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய வண்டுகள். கை கிட்டே போனாலே பறந்துவிடும்.

"காலை ஈரம் காயறதுக்குள்ள சாம்பலத் தூவு கண்ணு" என்றார் அத்தை. தூவினேன். விடிகாலையில் வண்டு மந்தமாக இருக்கும் என்பதால் கையாலேயே பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டேன். பாதி நாற்று பிழைத்தது.

கொடி ஓடிய பிறகுதான் வேடிக்கை. பெரிய இலைகளில் டப்பா மூடியை வைத்து வரைந்தது போல வட்டங்கள். குந்தி உட்கார்ந்து பார்த்தேன். வண்டு முதலில் சுற்றி வந்து ஒரு பள்ளம் கீறுகிறது, அப்புறம்தான் உள்ளே இருப்பதைத் தின்கிறது. கடிபட்ட இலை பிசுபிசுப்பான சாற்றை அங்கே அனுப்புமாம்; அதற்குத்தான் இந்த வாய்க்கால் அடைப்பு! தோட்டக்கலை படித்த தம்பி ஒருவர் பெயர் சொன்னார்: ஆலக்கோஃபோரா பேரினம், இது அதில் ஃபோவிகோலிஸ் என்ற இனம். பூசணிக் குடும்பத்தின் குகர்பிட்டாசின் என்ற கசப்பு மற்ற பூச்சிகளை விரட்டும், இவற்றுக்கோ அதுதான் பசியைத் தூண்டும். ஆனால் என் பாகலை ஒன்றுகூடத் தொடவில்லை. அதன் கசப்பு வேறு வகை, இந்த வண்டுக்கே ஆகாது என்றார்.

ஐப்பசியில் கருநீல முதுகும் ஆரஞ்சுத் தலையுமாக இன்னொன்று வந்தது. அதே பேரினத்தில் லூயிசி என்ற இனமாம். புள்ளி வைத்த பழுப்பு வண்டைக் காட்டினேன், அது எபிலாக்னா, இந்தக் குடும்பமே இல்லை என்று சிரித்தார்.

இலையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்திருந்தபோது ஒரு சுரைக்கொடி நல்ல ஈரத்திலும் வாடியது. பிடுங்கினால் வேருக்குள் வெளுத்த புழு. இதே வண்டின் குஞ்சு! தாய் வண்டு கொடியின் தூரைச் சுற்றி ஈர மண்ணில் முட்டையிடுகிறது. நானோ தினமும் தூரிலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கொடிக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

காய்ப்பு ஓய்ந்ததும் கொடிகளை அகற்றி மண்ணை ஆழமாகக் கொத்திப் புரட்டினேன். பக்கத்து வீட்டுக் கோழிகள் ரெண்டு நாள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.