கோட்டு வரைபடத்தில் அளவுத்திட்டம்: எப்படிப் புரிய வைப்பது?

வணக்கம். மகளுக்குக் கோட்டு வரைபடம் சொல்லித் தருகிறேன். புள்ளி வைப்பது, கோடு இழுப்பது எல்லாம் வந்துவிட்டது. அளவுத்திட்டம் (ஒரு கட்டத்துக்கு எவ்வளவு என்பது) எடுக்கும்போதுதான் தினமும் பஞ்சாயத்து.

கணக்கு இது: ஒரு செடியின் உயரம் 1ஆம் வாரம் 4 செ.மீ., 3ஆம் வாரம் 9, 4ஆம் வாரம் 13, 8ஆம் வாரம் 38. தாளில் மேல்நோக்கி 10 பெரிய கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 10 சிறு கோடுகள். 38ஐ 10ஆல் வகுத்து, கட்டத்துக்கு 4 என்று வைக்கிறாள். தாளில் அடங்குகிறது, தப்பில்லை. ஆனால் 9ஐக் குறிக்கப் போனால் 22ஆவது சிறு கோட்டுக்கும் 23ஆவதுக்கும் நடுவில் போய் நிற்கிறது. கட்டத்துக்கு 5 எடுத்தால் சரியாக 18ஆவது கோடு. 1, 2, 5, 10 என்று எடு என்றால், "ஏன், 4 என்ன பாவம் பண்ணுச்சு?" என்கிறாள்!

அதைவிடப் பெரிய சிக்கல் கிடை அச்சில். 1, 3, 4, 8 நான்கையும் சம தூரத்தில் அடுத்தடுத்து எழுதிவிடுகிறாள். வாரத்துக்கு 2.5 செ.மீ. வளர்ந்த செடி பிறகு 4 செ.மீ. வளர்கிறது, அதாவது வேகம் கூடுகிறது. அவள் படத்திலோ 5 ஏறி, அடுத்து 4தான் ஏறுகிறது. வேகம் குறைந்ததுபோலத் தெரிகிறது. அளவெடுக்காத வாரங்களுக்கும் இடம் விட வேண்டும் என்றால், "அங்கதான் ஒண்ணுமே இல்லையே" என்கிறாள்.

இதை மனதில் பதிகிற மாதிரி எப்படிச் சொல்வது? ஆசிரியர்கள் யாராவது வழி சொல்லுங்களேன். அப்படியே இன்னொன்று: காய்ச்சல் அளவு 37 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை என்றால், கீழே உள்ள எண்களை விட்டுவிட்டதைக் காட்ட அச்சின் அடியில் நெளிகோடு போட்டு 36இல் தொடங்கலாம்தானே?