அட்மிட் ஆனாலே கேஸ் மாத்திரை எதற்கு?

முகில்_தஞ்சை:
காலில் புண் பழுத்து அப்பா ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். டிஸ்சார்ஜ் சீட்டில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் 40, காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. எத்தனை நாளைக்கு என்று போடவில்லை. ஆன்டிபயாட்டிக் முடிந்தது, வலி மாத்திரை முடிந்தது, இது மட்டும் எட்டு மாதமாக ஓடுகிறது. அவருக்கு நெஞ்செரிச்சலோ அல்சரோ இருந்ததே இல்லை. வார்டில் இருந்தபோதும் பார்த்தேன், விடிந்ததும் வரிசையாக எல்லாக் கட்டிலுக்கும் இதே ஊசி. நோயைப் பார்த்துத்தான் எழுதுகிறார்களா?

டாக்டர்_செல்வி:
வெறும் பழக்கம் என்று தள்ளாதீர்கள். வயதானவருக்கு டிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை கொடுத்தால் இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசியலாம். தார் மாதிரி கறுப்பாக மலம் போய், வெளிறிப்போய் வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து எடுப்பவருக்கும் பான்டோப்ரசோல் பாதுகாப்பு. வென்டிலேட்டரில் இருந்த 4,821 பேரிடம் நடத்தி 2024இல் வெளியான ரிவைஸ் என்ற ஆய்வில், பான்டோப்ரசோல் கொடுத்தவர்களுக்கு இரைப்பைப் பக்கம் பெரிய ரத்தக்கசிவு 3.5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தது.

மருந்துக்கடை_ராஜா:
மேடம், அது ஐ.சி.யு. கணக்கு. அதிலும் இறப்பு குறையவில்லை. நடமாடிக்கொண்டு இட்லி சாப்பிடுகிற வார்டு நோயாளிக்கு அதை எப்படிப் பொருத்துவது? வயிற்று அமிலம் சும்மா சுரப்பதில்லை, கிருமியைக் கொல்கிறது. அதைக் குறைத்தால் க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற குடல் கிருமியால் வயிற்றுப்போக்கு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012இலேயே எச்சரித்தது. அதற்கு முந்தின வருஷம் ரத்தத்தில் மெக்னீசியம் குறைவதைப் பற்றி எச்சரித்தது. நாள்பட எடுத்தால் வைட்டமின் பி12 குறைவும் வருகிறது. என் கடைக்கு வருகிற பழைய சீட்டுகளில் பாதிக்கு ஏன் இந்த மாத்திரை என்று வாங்குகிறவருக்கே தெரியாது.

டாக்டர்_செல்வி:
தேதி போடாமல் அனுப்பியது தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தொடங்கியதே தப்பு என்பதை ஏற்க மாட்டேன். இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே நிறுத்தவும் வேண்டாம். மாதக்கணக்கில் எடுத்தவர் சட்டென்று விட்டால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும், சில வாரம் எரியும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி மாத்திரைக்கே போவார்கள். முகில், அப்பா இப்போது ஆஸ்பிரின் ஏதாவது எடுக்கிறாரா?

மருந்துக்கடை_ராஜா:
நிறுத்தினால் எரியும் என்றால், தேவையில்லாதவருக்குத் தொடங்காமல் இருக்க அதுவே காரணம் இல்லையா, மேடம்?

முகில்_தஞ்சை:
ஆஸ்பிரின் இல்லை, சர்க்கரை மாத்திரை மட்டும். மெட்ஃபார்மின்.

மருந்துக்கடை_ராஜா:
மெட்ஃபார்மினும் பி12ஐக் குறைக்கும், தம்பி. அது குறைந்தால் நரம்பு பாதிக்கும். கால் மரத்துப்போகிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள்.

முகில்_தஞ்சை:
பாதம் மதமதவென்று இருக்கிறது என்று இரண்டு மாதமாகச் சொல்கிறார். சர்க்கரையால் என்றே நினைத்திருந்தோம். திங்கட்கிழமை சீட்டோடு கூட்டிப் போகிறேன்.

டாக்டர்_செல்வி:
சர்க்கரையாலும் இருக்கலாம். பி12 பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை எப்படிக் குறைப்பது என்பதையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.