கொரோனாவில் மூச்சுத் திணறியவர்களைக் குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தவர்கள் மியன்மாரில் இருக்கிறீர்களா? ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள்.

யாங்கூன்:
2021 ஜூலை. ஆக்சிஜன் சிலிண்டர் நிரப்ப ஊரே வரிசையில் நின்ற மாதம். அலைந்து திரிந்து அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் பிடித்துவிட்டோம். முகத்தில் மாஸ்க், விரலில் ஆக்சிமீட்டர், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 86 சதவீதம். ராத்திரி சயாமா (இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்து, "இவரைக் குப்புறப் படுக்கச் சொல்லுங்க" என்றார். மூச்சுக்குத் திணறுகிற மனுஷனைக் கவிழ்த்துப் போடுவதா? எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் பொறுமையாகச் சொன்னார்: நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம்தான். மல்லாந்தால் இதயமும் வயிறும் அதை அழுத்தும். கவிழ்ந்தால் அங்கே மூடிக்கிடந்த காற்றறைகள் திறக்கும். ரத்தம் எப்படியும் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காற்றும் போய்ச் சேர்ந்தால் போதும்.

அப்பாவுக்குத் தொப்பை வேறு. படுத்த வேகத்தில் "வயிறு நசுங்குதுடா" என்று எழுந்துவிட்டார். இரண்டு லோஞ்சியை (இங்கே கட்டும் கைலி) சுருட்டி நெஞ்சுக்கடியில் ஒன்று, இடுப்புக்கடியில் ஒன்று வைத்தேன். தொப்பைக்கு நடுவில் இடம் கிடைத்தது. கணுக்காலுக்குத் தலையணை. முகத்தை ஒரு பக்கம் திருப்பி, ஆக்சிஜன் குழாய் மடங்காமல் பிடித்துக்கொண்டேன். கால் மணி நேரத்தில் 92! மல்லாந்ததும் மறுபடி இறங்கியது. அதன்பின் குப்புற ஒரு மணி நேரம், வலப்பக்கம், சாய்ந்து உட்காருவது, இடப்பக்கம் என்று மாற்றி மாற்றி. சாப்பிட்ட கையோடு மட்டும் கவிழ்க்கவில்லை. பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தார். இதனால்தான் பிழைத்தார் என்று சொல்ல மாட்டேன். ஆக்சிஜனும் ஸ்டீராய்டும் கூடவே ஓடின.

பெகு:
எங்கள் அத்தைக்கு ஏறவே இல்லை. கவிழ்ந்ததும் பயந்து மாஸ்கைப் பிடுங்கிப் போட்டார். அளவு இன்னும் இறங்கவும், டாக்டரே "வேண்டாம், உட்கார வையுங்கள்" என்றார். ஒருக்களித்துப் படுத்ததில்தான் கொஞ்சம் நிம்மதி. எல்லா உடம்புக்கும் ஒத்துவராது, வற்புறுத்தாதீர்கள்.

மோல்மேன்:
வென்டிலேட்டரில் இருப்பவர்கள் கதையே வேறு. மாமாவை ஐந்து பேர் சேர்ந்து புரட்டினார்கள். ஒருவர் தொண்டைக் குழாயை மட்டும் பிடித்துக்கொண்டார். ஒரு தடவைக்குப் பதினாறு மணி நேரம். 2013-இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் இப்படிக் கவிழ்த்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம், மல்லாந்தே கிடந்தவர்களில் 33 என்று டாக்டர் சொன்னார். மாமா அந்தப் பதினாறு சதவீதத்தில் ஒருவராகப் போய்விட்டார். கவிழ்ந்தே கிடந்ததில் முகம் வீங்கி, கன்னத்தில் புண்ணோடு பார்த்தபோது அவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. நோயாளியைப் பார்க்க உள்ளே போகிறவர்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.