பொது காம்பொனென்ட் பேக்கேஜ்: இரண்டு செயலிகளில் ஓடுகிறது, மூன்றாவதில் வெள்ளைத் திரை. உதவி தேவை

அரைப்புள்ளி (கேள்வி)

வணக்கம். எங்கள் குழு மூன்று வலைச் செயலிகளைப் பராமரிக்கிறது: வாடிக்கையாளர் பக்கம், ஊழியர் பக்கம், அறிக்கைப் பக்கம். மூன்றும் ரியாக்ட் (திரையைக் காம்பொனென்ட் என்னும் சிறு துண்டுகளாகக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்). பட்டன், தேதித் தேர்வுப் பெட்டி, அட்டவணை ஆகியவை மூன்றிலும் நகலெடுத்து ஒட்டப்பட்டிருந்தன. ஒன்றில் திருத்திய பிழை மற்ற இரண்டில் உயிரோடு இருக்கும். பிப்ரவரி 29 தேர்ந்தெடுத்த நிலையில் ஆண்டை மாற்றினால் தேதி மார்ச் 1க்குத் தாவும் ஒரு பிழையை மூன்று பேர், மூன்று முறை, மூன்று விதமாகத் திருத்தியிருக்கிறோம். அதன் பிறகுதான் எனக்குப் பொறுமை போனது.

ஆகவே அவற்றையெல்லாம் ஒரே பேக்கேஜாக்கி (செயலிகள் நிறுவிக்கொள்ளும் நிரல் தொகுப்பு), எங்கள் உள் ரெஜிஸ்ட்ரியில் (பேக்கேஜ்களை வைக்கும் கிடங்கு) பதிப்பு 1.4.2 வரை வெளியிட்டேன். முதல் இரண்டு செயலிகளிலும் ஒரு குறையும் இல்லை. அறிக்கைப் பக்கத்தில் மட்டும் தேதிப் பெட்டி வரும் இடத்தில் முழுத் திரையும் வெளுத்துவிடுகிறது. உலாவியின் கன்சோலில் ‘இன்வேலிட் ஹூக் கால்’ என்று வருகிறது, அதாவது ஹூக் (காம்பொனென்ட் தன் நிலையை நினைவில் வைப்பது போன்றவற்றுக்கு ரியாக்ட் தரும் செயற்கூறு) தவறாகக் கூப்பிடப்பட்டிருக்கிறதாம். வேடிக்கை என்னவென்றால், அதே பேக்கேஜிலிருந்து எடுத்த பட்டன் அங்கே ஒழுங்காகத் தெரிகிறது. இரண்டு நாளாகத் தேடிவிட்டேன்.

கமா_மறந்தவன்

ஹூக்கை ஏதாவது ‘இஃப்’ நிபந்தனைக்குள் வைத்திருக்கிறீர்களா? எனக்கு இந்தப் பிழை வந்தபோதெல்லாம் காரணம் அதுவாகத்தான் இருந்தது.

அரைப்புள்ளி

இல்லை. எல்லா ஹூக்குகளும் செயற்கூறின் தொடக்கத்திலேயே இருக்கின்றன. தவிர, அதே நிரல் மற்ற இரண்டு இடங்களில் ஓடுகிறதே.

பழைய_விசைப்பலகை

பட்டன் தெரிகிறது, தேதிப் பெட்டி தெரியவில்லை என்று சொன்னீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. உங்கள் பட்டனில் ஹூக் எதுவும் இருக்காது. தேதிப் பெட்டியில் இருக்கும். சரிதானே? மூன்று செயலிகளின் கோப்புறையிலும் ‘என்பிஎம் எல்எஸ் ரியாக்ட்’ கட்டளையை (பேக்கேஜ்களை நிறுவும் கருவியான என்பிஎம், எந்தெந்த ரியாக்ட் பதிப்பு இறங்கியிருக்கிறது என்று காட்டும்) ஓட்டி, வருவதை இங்கே போடுங்கள்.

அரைப்புள்ளி

சரிதான், பட்டனில் ஹூக் கிடையாது. முதல் இரண்டிலும் எல்லா வரிகளிலும் 18.2.0 மட்டுமே வருகிறது. அறிக்கைப் பக்கத்தில் வருவது இது (பொதுப்பெட்டி என்பது என் பேக்கேஜின் பெயர், தேவையற்ற வரிகளை நீக்கிவிட்டேன்):

அறிக்கைப் பக்கம்
├─ ரியாக்ட் 17.0.2
└─ பொதுப்பெட்டி 1.4.2
  └─ ரியாக்ட் 18.2.0

பழைய_விசைப்பலகை

அகப்பட்டது. ஒரே பக்கத்தில் இரண்டு ரியாக்ட்.

உங்கள் பேக்கேஜின் ‘பேக்கேஜ் டாட் ஜேசான்’ கோப்பில் ரியாக்ட்டை ‘டிபெண்டன்சீஸ்’ பகுதியில் எழுதியிருப்பீர்கள். “எனக்கு ரியாக்ட் 18 வேண்டும், இல்லையென்றால் நானே கொண்டுவருவேன்” என்பது அதன் பொருள். முதல் இரண்டு செயலிகளும் ஏற்கெனவே 18இல் இருந்ததால் என்பிஎம் ஒரே பிரதியைப் பொதுவாக வைத்துக்கொண்டது. அதாவது அங்கே ஓடியது தற்செயல். அறிக்கைப் பக்கம் 17இல் இருப்பதால், உங்கள் பேக்கேஜின் சொந்த ‘நோட் மாட்யூல்ஸ்’ கோப்புறைக்குள் இன்னொரு பிரதி இறங்கிவிட்டது.

ஹூக் ஏன் உடைகிறது? ரியாக்ட் டாம் (உலாவியில் வரையும் வேலையைச் செய்யும் துணை நூலகம்) ஒரு காம்பொனென்டை வரையத் தொடங்கும்போது, “இப்போது இந்தக் காம்பொனென்டின் முறை” என்ற குறிப்பைத் தன்னோடு இணைந்த ரியாக்ட் பிரதிக்குள் வைக்கிறது. ‘யூஸ்ஸ்டேட்’ என்ற ஹூக் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் வேலை செய்யும். உங்கள் தேதிப் பெட்டி கூப்பிடும் ‘யூஸ்ஸ்டேட்’ இன்னொரு பிரதியைச் சேர்ந்தது. அங்கே குறிப்பு காலி. ஹூக் இல்லாத பட்டனுக்கு இந்தக் குறிப்பு தேவையே இல்லை, அதனால் அது பிழைத்துக்கொண்டது. எரர் பௌண்டரி (பிழையைப் பிடித்து நிறுத்தும் காம்பொனென்ட்) எதுவும் இல்லாததால், பிடிபடாத ஒரு பிழைக்காக முழுக் காம்பொனென்ட் மரத்தையும் ரியாக்ட் கழற்றிவிடுகிறது. அதுதான் வெள்ளைத் திரை.

தீர்வு: ரியாக்ட்டையும் ரியாக்ட் டாமையும் ‘பியர் டிபெண்டன்சீஸ்’ பகுதிக்கு மாற்றுங்கள். குடிவருபவர் சாமான்களோடு சேர்த்துக் கிணற்றையும் தூக்கி வரக் கூடாது. “இந்த வீட்டில் கிணறு இருக்க வேண்டும்” என்று கேட்டால் போதும். உங்கள் சொந்தச் சோதனைகளுக்காக ‘டெவ் டிபெண்டன்சீஸ்’ பகுதியில் ஒரு பிரதி இருக்கட்டும். பில்ட் செய்யும்போது (வெளியிடும் கோப்பாகத் தொகுக்கும்போது) ரியாக்ட்டை வெளிச் சார்பாக அறிவித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் அது உங்கள் பில்ட் கோப்புக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும், ‘எல்எஸ்’ கட்டளையிலும் தெரியாது.

கமா_மறந்தவன்

என்பிஎம் 7க்குப் பிறகு பியர் டிபெண்டன்சி தானாகவே நிறுவப்படும், பொருந்தாவிட்டால் நிறுவலே நின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய சில பதிப்புகளில் வெறும் எச்சரிக்கைதான், யாரும் படிக்க மாட்டார்கள். நின்றுவிட்டால் ‘லெகசி பியர் டெப்ஸ்’ (இந்தப் பொருத்தச் சோதனையைத் தவிர்க்கும் தேர்வு) சேர்த்து வாயை அடைக்கும் வழக்கம் எங்கள் குழுவில் இருந்தது. வேண்டாம், அனுபவித்துவிட்டோம்.

அரைப்புள்ளி

மாற்றிவிட்டேன். பியர் பகுதியில் 17, 18 இரண்டையும் அனுமதித்தேன். வெளிச் சார்பு அறிவிப்பு ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. ‘எல்எஸ்’ இப்போது அறிக்கைப் பக்கத்தில் ஒரே 17.0.2 காட்டுகிறது. பழைய பிழை போய்விட்டது. ஆனால் புதிதாக ஒன்று: “யூஸ்ஐடி ஒரு செயற்கூறு அல்ல.” திரை அதே வெள்ளைதான்.

பழைய_விசைப்பலகை

‘யூஸ்ஐடி’ (தனித்த அடையாளப் பெயரை உருவாக்கும் ஹூக்) ரியாக்ட் 18இல்தான் வந்தது. 17இல் அப்படி ஒன்று கிடையாது. பேக்கேஜ் 17ஐ ஏற்கும் என்று எழுதினீர்கள், நிரலோ 18ஐக் கேட்கிறது. 17க்கும் சோதனை ஓட்டியிருந்தால் வெளியிடும் முன்பே தெரிந்திருக்கும்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஐடியை, காம்பொனென்டைப் பயன்படுத்துபவரே ப்ராப்பாகக் (காம்பொனென்டுக்கு வெளியிலிருந்து தரும் மதிப்பு) கொடுக்கட்டும், அப்போது 17, 18 இரண்டுக்கும் ஒத்துப்போகும். அல்லது 18 மட்டும் என்று நேர்மையாக அறிவித்துவிட்டு அறிக்கைப் பக்கத்தை உயர்த்துங்கள். ஒரே செயலிக்காகப் பேக்கேஜ் முழுவதும் இரட்டைப் பாதை போடுவதை நான் விரும்ப மாட்டேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் 1.4.3 என்று வெளியிட்டுவிடாதீர்கள். பயன்படுத்துபவரிடம் நீங்கள் எதிர்பார்ப்பது மாறுகிறது, ஆகவே 2.0.0. மற்ற இரண்டு செயலிகளிலும் 1.4.2க்கு முன்னால் கேரட் குறி (^) இருந்தால் 1.5.0 வரும்போது அது தானாக உள்ளே வந்துவிடும், 2.0.0 வராது. அந்தக் குறியை நம்பி எழுதியவர்களுக்கு நீங்கள் கொடுத்த வாக்கு அது.

ஓய்வுபெற்ற_கம்பைலர்

சற்று விலகிப் பேசுகிறேன், மன்னிக்கவும். இழையைப் படித்ததும் ஏரியான் 5 ராக்கெட் நினைவுக்கு வந்தது. 1996 ஜூன் 4 அன்று அதன் முதல் பயணம். திசையறியும் மென்பொருளின் ஒரு பகுதி ஏரியான் 4இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. பழைய ராக்கெட்டில் கிடைமட்ட வேகம் ஒரு வரம்பைத் தாண்டாது என்று நம்பி, 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் காவல் வைக்காமல் விட்டிருந்தார்கள். புதிய ராக்கெட் அந்த வரம்பைத் தாண்டியது. சுமார் 40 விநாடிகளில் எல்லாம் முடிந்தது. இதில் கொடுமை, பிழை வந்த அந்தக் கணக்கு ஏரியான் 5இல் புறப்பட்ட பிறகு தேவையே இல்லாத ஒன்று.

அதனால் பேக்கேஜின் ரீட்மீ கோப்பில் “இது என்ன செய்யும்” என்று எழுதுவதோடு “இது எதை நம்பியிருக்கிறது” என்று பத்து வரியாவது எழுதுங்கள். நேர மண்டலம், மொழி அமைப்பு, ரியாக்ட் பதிப்பு, சிஎஸ்எஸ் மாறிகள். தேதிப் பெட்டி என்றால் நேர மண்டலம்தான் அடுத்து உங்களைக் கடிக்கும்.

தனிவரி

அந்த அட்டவணையையும் பேக்கேஜில் போட்டிருக்கிறீர்களே, அதற்கு எத்தனை ப்ராப்புகள்?

அரைப்புள்ளி

எண்ணிப் பார்த்தேன். 31.

தனிவரி

நினைத்தேன். அதில் எத்தனை ஒரே ஒரு செயலிக்காக மட்டும் சேர்க்கப்பட்டவை? “இஸ் ரிப்போர்ட்” (இது அறிக்கையா?) போல ஒன்று இருந்தால், அது பொதுக் காம்பொனென்ட் அல்ல, மூன்று அட்டவணைகளை ஒரே சட்டைக்குள் திணித்திருக்கிறீர்கள். நகலெடுப்பதைப் பாவம் என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தவறாக ஒன்றாக்கியதைப் பிரிப்பது நகல்களைப் பராமரிப்பதைவிடக் கடினம். மூன்று இடத்திலும் ஒரே காரணத்துக்காக மாறுகிற நிரலை மட்டும் பொதுவாக்குங்கள். உங்கள் பிப்ரவரி 29 அந்த வகை. அட்டவணை அந்த வகையா என்பது எனக்குச் சந்தேகம்.

அரைப்புள்ளி

“இஸ் ரிப்போர்ட்” இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு கேள்வி. 2.0.0ஐ வெளியிடும் முன் என் கணினியில் ‘என்பிஎம் லிங்க்’ (வெளியிடாமலே பேக்கேஜைச் செயலியோடு இணைக்கும் கட்டளை) கொடுத்துப் பார்த்தேன். அறிக்கைப் பக்கத்தை ஒரு தனிக் கிளையில் 18க்கு உயர்த்தியாகிவிட்டது, ஆனாலும் முதலில் வந்த ஹூக் பிழையே மீண்டும் வருகிறது!

பழைய_விசைப்பலகை

பேக்கேஜில் குறை இல்லை, லிங்க் செய்யும் வேலை அது. சிம்லிங்க் (வேறு கோப்புறையைச் சுட்டும் இணைப்பு) வழியாகப் போகும்போது பில்ட் கருவி உங்கள் பேக்கேஜின் உண்மையான கோப்புறைக்குப் போய்விடும். அங்கே ‘டெவ் டிபெண்டன்சீஸ்’ கொண்டுவந்த ரியாக்ட் காத்திருக்கிறது. எண் ஒன்றாக இருந்தாலும் பிரதி வேறு, வேறு பிரதி என்றாலே ஹூக் உடையும். வீட் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்தினால் அதன் அமைப்புக் கோப்பின் ‘ரிசால்வ்’ பகுதியில் ‘டீடியூப்’ (ஒரே பிரதியை மட்டும் எடு) என்று ரியாக்ட், ரியாக்ட் டாம் இரண்டையும் குறிப்பிடலாம். நான் செய்வது வேறு: ‘என்பிஎம் பேக்’ ஓட்டினால் பேக்கேஜைச் சுருக்கி வைத்த ஒரு டிஜிஇசட் கோப்பு வரும், அதைச் செயலியில் நிறுவுவேன். ரெஜிஸ்ட்ரியிலிருந்து வருவது போலவே இருக்கும். பேக்கேஜுக்குள் போக வேண்டிய கோப்பு விடுபட்டிருந்தால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும்.

அரைப்புள்ளி

பேக் வழியில் ஓடிவிட்டது. நிலவரம்: ரியாக்ட் 18 மட்டும் என்ற அறிவிப்புடன் 2.0.0 வெளியிட்டாயிற்று. அறிக்கைப் பக்கத்தை உயர்த்த செயலியைத் தொடங்கும் வரியில் ‘ரெண்டர்’ இருந்த இடத்தில் 18இன் ‘கிரியேட் ரூட்’ மாற்றியதும், பழைய இரண்டு சோதனைகளைத் திருத்தியதும்தான் வேலை. பயந்த அளவுக்கு இல்லை. அட்டவணையைப் பேக்கேஜிலிருந்து எடுத்துவிட்டேன். வரிசைப்படுத்தும் தர்க்கம் மட்டும் ஒரு சிறு ஹூக்காக உள்ளே இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஐயா சொன்னபடி நேர மண்டலத்தை மாற்றி ஒரு சோதனை எழுதினேன். தேதிப் பெட்டி ஒரு நாள் முன்னதாகக் காட்டுகிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.