உணவுக் கோளாறிலிருந்து மீண்டு வரும் பெண்ணுக்கு வெயிட் டிரெயினிங்: எங்கே ஆரம்பிக்கணும்?

கோவை_டம்பெல் (கேள்வி)

பெண்கள் மட்டும் வர்ற ஜிம்ல டிரெயினர். 26 வயசுப் பொண்ணு ஒருத்தங்க சேரக் கேட்டிருக்காங்க. ரெண்டு வருஷமா சாப்பாட்டை ரொம்பக் குறைச்சிருக்காங்க, நடுவுல சாப்பிட்டதை வாந்தி எடுக்கிற பழக்கமும் இருந்திருக்கு. இப்போ மனநல டாக்டர், டயட்டீஷியன் ரெண்டு பேர்கிட்டயும் போறாங்க. வாந்தி நின்னு ஆறு மாசம் ஆச்சு. பீரியட்ஸ் இன்னும் ஒழுங்கா வரலை. "லேசா வெயிட் தூக்கலாம்"னு டாக்டர் சொன்னாராம். நோய் இருந்தப்போ தினமும் டிரெட்மில்லே கதின்னு இருந்தவங்க.

எனக்குத் தெரிய வேண்டியது: டாக்டர்கிட்ட என்ன எழுதி வாங்கணும், வாரத்துக்கு எத்தனை நாள், எந்த எக்சர்சைஸ், சாப்பாட்டைப் பத்தி நான் எதுவரைக்கும் பேசலாம். இன்னொண்ணு, புதுசா சேர்றவங்களை முதல் நாளே கொழுப்பு அளக்கிற மெஷின்ல ஏத்தி சீட்டு குடுப்போம். அது வேணுமா?

பிசியோ_மேசை

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மெஷின் வேண்டாம், சீட்டும் வேண்டாம். எடை பார்ப்பது அவருடைய சிகிச்சைக் குழுவின் வேலை. வாசலிலேயே அந்த மெஷின் நின்றால், அவர் வரும் நேரத்தில் ஒரு துணியைப் போட்டு மூடுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பலர் ஜிம்முக்குள் நுழையுமுன்னே சறுக்குவது அந்த மெஷினில்தான்.

டாக்டர் வாயால் சொன்னது போதாது, எழுத்தில் வாங்குங்கள். படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் எடுத்த நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும், ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட். பீரியட்ஸ் ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்தால் எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனையும் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். வாந்தி எடுத்தவர் என்பதால் பொட்டாசியம் முக்கியம். அது இறங்கியிருந்தால் இதயத் துடிப்பு தாளம் தப்பும், ஆள் பார்க்க நன்றாகத்தான் இருப்பார்.

டிரெயினர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உட்கார்ந்திருக்கும்போது நாடி 50க்குக் கீழே காட்டினால் "ஓட்டக்காரர் இதயம்" என்று பாராட்டிவிடுகிறோம். அறையின் அந்தக் கோடிவரை நடந்து திரும்பச் சொல்லிப் பாருங்கள். பயிற்சியில் பழகிய இதயம் அந்த நடைக்குக் கொஞ்சம்தான் ஏறும். பட்டினியில் மெலிந்த இதயம் சட்டென்று எகிறும். இதை வைத்து நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், அன்றைய பயிற்சியை நிறுத்தி டாக்டரிடம் அனுப்பினால் போதும்.

பீரியட்ஸ் வராமல் இருப்பது என்பது, உடலுக்கு வரும் ஆற்றல் செலவுக்குப் போதவில்லை என்பதன் அடையாளம். கர்ப்பப்பையில் கோளாறு என்று அர்த்தமில்லை. இந்த நிலைக்கு 2014ல் சர்வதேச ஒலிம்பிக் குழு ரெட்-எஸ் (RED-S, விளையாட்டில் வரும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. கருத்தடை மாத்திரை போட்டு வரும் ரத்தப்போக்கை "பீரியட்ஸ் வந்துவிட்டது" என்று கணக்கில் எடுக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தியதும் வருவது அது. எலும்பையும் அது காப்பாற்றாது.

பயிற்சி: வாரம் 2 நாள், உதாரணமாகச் செவ்வாயும் சனியும். மொத்தம் 30, 35 நிமிடம். டிரெட்மில்லில் வார்ம்-அப் வேண்டாம். வெறும் கையோடு அதே அசைவுகளைச் செய்தாலே உடம்பு சூடாகும். பெஞ்சில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட் (டம்பெல்லை மார்போடு பிடித்து), ருமேனியன் டெட்லிஃப்ட் (முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது), பெஞ்சில் கை ஊன்றிய புஷ்-அப், ஒற்றைக் கை ரோ, மல்லாந்து படுத்து எதிரெதிர் கை காலை மெதுவாக நீட்டி மடக்கும் டெட் பக். ஒவ்வொன்றும் 2 செட், செட்டுக்கு 8 ரெப் (அதாவது 8 முறை). செட் முடியும்போது இன்னும் 3 அல்லது 4 ரெப் போட முடியும் என்ற நிலையில் நிறுத்த வேண்டும்.

செட்டுக்கு நடுவே 2 நிமிட ஓய்வு. உங்கள் கண் இருக்க வேண்டியது இங்கேதான். பழைய ஓட்டப் பழக்கம் உள்ளவர் அந்த 2 நிமிடத்தில் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிப்பார், தண்ணீர் எடுக்கும் சாக்கில் மூன்று முறை நடப்பார், குதிகாலை ஏற்றி இறக்குவார். உட்காரச் சொல்லுங்கள், பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.

பல ஜிம்களில் 2.5 கிலோவுக்கு அடுத்து நேராக 5 கிலோதான் இருக்கும். அது இரண்டு மடங்கு. 2.5ல் 12 ரெப்பை அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளிலும் சுத்தமாகச் செய்த பிறகு 5ஐ எடுத்து 6 ரெப்பில் தொடங்குங்கள். முந்தைய வாரச் சாப்பாடு சரியாகப் போகவில்லை என்றால் எடையை ஏற்றாதீர்கள்.

சர்க்யூட் (ஓய்வில்லாமல் அடுத்தடுத்துச் செய்வது), பர்ப்பி (குனிந்து, புஷ்-அப் நிலைக்குப் போய், எழுந்து குதிப்பது), கடைசியில் மூச்சு வாங்க வைக்கும் "ஃபினிஷர்" எதுவும் கூடாது. முதுகெலும்பில் அடர்த்தி குறைவு என்று ஸ்கேன் சொன்னால் க்ரன்ச், குனிந்து கால் விரலைத் தொடுவது இரண்டையும் விடுங்கள். முன்பக்கம் வளையும்போது முள்ளெலும்பின் முன்பகுதிதான் நசுங்கும். முன்தொடை இடுக்கில் வலி என்றாலோ, விரல் நுனியால் மூடக்கூடிய ஒரே புள்ளியில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலித்தாலோ, தசைப்பிடிப்பு என்று தேய்த்துவிடாதீர்கள். எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அன்றே எலும்பு டாக்டர். மயக்கம், படபடப்பு, நெஞ்சு வலி வந்தால் அந்த நிமிடமே நிறுத்தம்.

ராகிக்களி

டயட்டீஷியன் பக்கத்துலேர்ந்து. அவங்களுக்கு ஏற்கெனவே ஒரு சாப்பாட்டுத் திட்டம் இருக்கும். நீங்க புதுசா ஒண்ணு எழுதிக் குடுக்காதீங்க. "இதுல புரோட்டீன் கம்மி"ன்னு திருத்தவும் வேணாம். சந்தேகம்னா அவங்க அனுமதியோட டயட்டீஷியனுக்கு ஒரு போன் போடுங்க.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியது, அந்தத் திட்டம் ஏன் அப்படி இருக்குங்கிறது. மூணு வேளை சாப்பாடு, நடுவுல ரெண்டு மூணு சிறு தீனி, எந்த ரெண்டுக்கும் நடுவுல நாலு மணி நேரத்துக்கு மேல இடைவெளி கிடையாது. பசி வந்தா சாப்பிடுன்னு சொல்ல முடியாது, ஏன்னா நோய்ல பசியோட சிக்னலே கெட்டுப்போயிருக்கும். கடிகாரத்தைப் பாத்துச் சாப்பிடணும். இடைவெளி நீண்டா ராத்திரி அடக்க முடியாத பசி, அதுக்கப்புறம் குற்ற உணர்ச்சி, மறுநாள் பட்டினின்னு பழைய வட்டம் திரும்பிடும்.

நம்ம சாப்பாட்டுல இது கஷ்டமே இல்லை. இட்லி, சாம்பார், கூட ஒரு முட்டை இல்லாட்டி ஒரு டம்ளர் பால். வெறும் சட்னியோட நிறுத்தினா பதினோரு மணிக்கே கை நடுங்கும். பதினோரு மணிக்கு மோர் மட்டும் பத்தாது, தேங்காய் போட்ட சுண்டல் ஒரு கிண்ணம். மதியம் சோறு, பருப்போ மீனோ, பொரியல், தயிர், சோத்துல நெய். சாயங்காலம் பால் டீயோட கடலை உருண்டை. ராத்திரி தோசையோ சப்பாத்தி குருமாவோ. படுக்கப்போறப்ப பால். கிராம் கணக்கு வேணாம். கிண்ணம், கரண்டி, உள்ளங்கை போதும். தராசு வாங்கினாங்கன்னா அதுவே ஒரு எச்சரிக்கை.

எக்சர்சைஸ் நாள்ல அதோட கூடுதலா, ஒரு மணி நேரம் முன்னாடி வாழைப்பழமும் கடலை மிட்டாயும். முடிச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள முழுச் சாப்பாடு. புரோட்டீன் பவுடர் கரைச்சுக் குடிச்சுட்டு டிபனை விடுறது இந்த நோய்க்கு ரொம்பப் பிடிச்ச தந்திரம்.

"ஹெல்தி"ங்கிற வேஷத்துல நோய் திரும்பி வர்றதைத்தான் கவனிக்கணும். அரிசியே தொடாம சிறுதானியம் மட்டும், எண்ணெய் இல்லாத சமையல், தட்டு நெறைய வெள்ளரிக்காய், பேலியோ, 16 மணி நேரம் சாப்பிடாம இருக்கிற இடைவெளி. வெள்ளரியும் நார்ச்சத்தும் கெட்டதில்லை. ஆனா பட்டினி கிடந்த வயிறு மெதுவாத்தான் காலியாகும். நாலு வாய்லயே வயிறு கல்லு மாதிரி ஆயிடும். அந்த இடத்தைக் காய்கறி அடைச்சுட்டா சோத்துக்கும் பருப்புக்கும் இடமிருக்காது. கேழ்வரகு நல்லது, 100 கிராம்ல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், எலும்புக்கு வேணும். ஆனா தண்ணிக் கூழாக் குடிக்காம பாலும் வெல்லமும் போட்டுக் கஞ்சியாக் குடிக்கச் சொல்லணும்.

இந்த ஆடியில வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி, ஏகாதசின்னு வரும். யாரும் தப்பு சொல்ல முடியாத பட்டினி அது. வீட்டுலயே பேசி, இந்த வருஷம் விளக்கு மட்டும் ஏத்தட்டும்னு முடிவு பண்ணிக்கச் சொல்லுங்க.

நேர்க்கோடு

மேலே சொன்ன இரண்டிலும் உடன்பாடு. ஒரு இடத்தில் மட்டும் தயக்கம். "சாப்பிட்டால்தான் செட்" என்று நீங்கள் ஒரு விதி வைக்கப் போகிறீர்கள், எல்லா டிரெயினரும் வைப்பார்கள். வைக்கவும் வேண்டும், வெறும் வயிற்றில் எடை தூக்க விடக் கூடாது. ஆனால் அது டிக்கெட் மாதிரி ஆகிவிட்டால், உடற்பயிற்சிக்காகத்தான் சாப்பாடு என்று மனசு எழுதிக்கொள்ளும். பயிற்சி இல்லாத நாளில் சாப்பாடு தன்னாலே குறையும்.

அதனால் விதியைச் சொல்லும் விதம் முக்கியம். சாப்பிடாமல் வந்தால் கண்டிக்க வேண்டாம், திருப்பி அனுப்பவும் வேண்டாம். டிராயரில் நாலு கடலை மிட்டாய் இருக்கட்டும். "உக்காருங்க, முதல்ல இதைச் சாப்பிடுங்க, இன்னைக்கு ஸ்ட்ரெச்சிங் மட்டும் பாப்போம்" என்றால் போதும். வாரம் ஒருமுறை "நேத்து லீவ் நாள்ல என்ன சாப்பிட்டீங்க?" என்பதையும் அதே குரலில் கேளுங்கள், தட்டு இரண்டு நாளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

"பூசினாப்ல ஆயிட்டீங்க", "முகத்துல களை வந்திருச்சு" என்பதை நாம் பாராட்டாகச் சொல்கிறோம், அவர் காதில் "குண்டாயிட்ட" என்றுதான் விழும். உடம்பைப் பற்றி நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். "போன வாரத்தை விட முதுகு நேரா இருந்துச்சு" என்பது சரியான பாராட்டு. ஸ்மார்ட் வாட்சில் எரிந்த கலோரி காட்டும் திரையை அணைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்க வைத்தால் நல்லது.

காய்ச்சலோடு வந்தாலும், லீவ் நாளில் உங்களுக்குத் தெரியாமல் இன்னொரு ஜிம்மில் கார்டியோ செய்தாலும், ஒரு நாள் விட்டதற்கு அழுதாலும், அது ஆர்வம் இல்லை. பயிற்சியை நிறுத்தி வைத்து அவர் குழுவிடம் சொல்லுங்கள். அதற்கான சம்மதத்தைச் சேரும் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி நேரத்தில் மனசு தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அவர் போனில் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள், தமிழிலும் பேசுவார்கள். தற்கொலை எண்ணம் பேச்சில் வந்தால் குடும்பத்தாரோடு நேரே மருத்துவமனை.

கோவை_டம்பெல்

மூணு வாரம் ஆச்சு, லெட்டர் வந்ததும்தான் ஆரம்பிச்சோம். மெஷினை மூடிட்டேன். வீட்டுல எடை பாத்திருக்காங்க. "சாப்பாடு அதேதான், ஆனா ஏறிடுச்சு, கணுக்கால் வேற வீங்கின மாதிரி இருக்கு"ன்னு பயந்து நேத்து மதியம் சாப்பிடலை. என்ன சொல்றது?

பிசியோ_மேசை

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். எடை தூக்கத் தொடங்கியதும் தசை சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும். ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் தங்கும். புதிதாக வேலை செய்த தசையில் வலியோடு லேசான வீக்கமும் இருக்கும். முதல் வாரங்களில் தராசு காட்டுவதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர். அவரிடம் இதை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். திரும்பத் திரும்ப விளக்கினால் அதுவே எடை பற்றிய பேச்சாகிவிடும். வீட்டுத் தராசை டாக்டரிடம் ஒப்படைக்கலாமா என்று அவர் குழு பேசட்டும்.

கணுக்கால் வீக்கம் வேறு கதை. சாப்பாடு கூடும்போது நீர் தேங்குவது உண்டு, ஆனால் அதை ஜிம்மில் வைத்து முடிவு செய்யக் கூடாது. பெருவிரலால் கணுக்காலுக்கு மேலே 5 நொடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் இன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள், மூச்சுத் திணறலும் சேர்ந்திருந்தால் அவசரப் பிரிவு. தண்ணீர் மாத்திரை எதையும் கடையில் வாங்கிப் போட வேண்டாம், பொட்டாசியம் இறங்கிவிடும்.

மதியம் விட்டதைச் சரிக்கட்ட ராத்திரி இரண்டு மடங்கு சாப்பிடச் சொல்லவும் வேண்டாம். அடுத்த வேளை எதுவோ, அதை நேரத்துக்குச் சாப்பிட்டால் சரி. சனிக்கிழமை செட்டை டாக்டர் பதில் வரும்வரை தள்ளிவையுங்கள்.

ராகிக்களி

டயட்டீஷியனுக்கு இன்னைக்கே சொல்லிடுங்க. ஒரு வேளை விட்டது பெரிசில்லை, ரெண்டாவது வேளையும் விட்டுடக் கூடாது.