காசிமேட்டு மீனும் புளிச் சக்கையும்

(ராயபுரம் வீட்டு வாட்ஸ்அப் குழு, ஞாயிறு காலை)

மேரி அத்தை: காசிமேட்டில் இருந்து மீன் வந்தாச்சு. கானாங்கெளுத்தி குழம்புக்கு, பால் சுறா புட்டுக்கு. மதியம் எல்லாரும் வந்துவிடுங்கள்.

கார்த்தி: வருகிறேன் அத்தை. நேற்று மீன் கழுவிய கை இன்னும் நாறுகிறது. சோப்பு கரைந்ததுதான் மிச்சம்.

மேரி அத்தை: சோப்பு எதுக்குடா? குழம்புக்குக் கரைத்த புளிச் சக்கையை எடுத்துத் தேய்.

பிரியா: அத்தை சொல்வது சரி. கடல் மீனின் சதையில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்று ஒன்று உண்டு. உப்புத் தண்ணீரில் தாக்குப்பிடிக்க மீனுக்கு உதவுவது. அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதன் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுகிற டிரைமெத்தில் அமீன்தான் கவுச்சி. சுமார் 3 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிற சரக்கு அது, மூக்குக்கு வராமல் எங்கே போகும்?

கார்த்தி: சரிக்கா, சோப்புக்கு ஏன் மசியவில்லை?

பிரியா: அமீனும் காரம், சோப்பும் காரம். மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரானது. ரெண்டும் ஒரே கட்சி. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அது பட்டதும் அமீன் உப்பாக மாறிவிடும். உப்பு ஆவியாகாது, தண்ணீரோடு போய்விடும். எலுமிச்சம்பழமும் இந்த வேலையைச் செய்யும். முதலில் புளி, நன்றாக அலசு, அப்புறம் வேண்டுமானால் சோப்பு.

ஜோசப் மாமா: பார்த்தியா மேரி! நேற்று சாயங்காலம் பாதி விலைக்குக் கொடுத்தான், நீதான் வேண்டாம் என்றாய். புளித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தால் முடிந்தது.

மேரி அத்தை: வெயிலில் ஐஸே இல்லாமல் கிடந்த மீன் அது.

பிரியா: ஐயோ மாமா, வாடை போனால் கெட்ட மீன் நல்ல மீனாகிவிடாது. கானாங்கெளுத்தி, சூரை இதிலெல்லாம் ஹிஸ்டிடின் என்கிற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமின் ஆக்கிவிடும். கொதிக்கவைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு தடிக்கும், தலை வலிக்கும். ‘எனக்கு மீன் ஒத்துக்காது’ என்று சொல்லிக்கொண்டு திரிவோம். இதில் மூக்கையும் முழுசாக நம்ப முடியாது, வாடை இல்லாத மீனிலும் ஹிஸ்டமின் இருக்கலாம்.

ஜோசப் மாமா: அப்போ என்னத்தைப் பார்த்து வாங்குவது?

மேரி அத்தை: செவுள் சிவப்பாக இருக்கணும், கண் குழி விழக்கூடாது.

பிரியா: அதோடு கூடையில் ஐஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்கு அதுதான் முதல்.

கார்த்தி: சுறா மட்டும் ஏன் மூக்கில் ஏறுகிறது?

பிரியா: அது அம்மோனியா. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதற்கு ஈடுகொடுக்கச் சுறா உடம்பில் யூரியாவைச் சேர்த்து வைத்திருக்கும். செத்ததும் பாக்டீரியா அதை அம்மோனியா ஆக்கும். நறுக்கும்போதே கண் எரிகிற அளவுக்கு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கார்த்தி: ஏரிக் கெண்டையில் மண் வாசனை?

பிரியா: ஜியோஸ்மின். மழை பெய்ததும் வருகிற மண் வாசனையும் அதேதான்.

மேரி அத்தை: சுறா நல்லதாகத்தான் இருக்கிறது, மஞ்சள் போட்டு வேகவைத்துவிட்டேன். கார்த்தி, வரும்போது பூண்டு கால் கிலோ வாங்கி வா. நீயே உரிக்கணும்.

கார்த்தி: பூண்டு வாடைக்கும் புளிதானா அக்கா?

பிரியா: அது கந்தகம். புளி எடுபடாது.