மறு: எதிர்மறைச் சாயமா, சூழ்சாயமா?

வணக்கம் ஐயா,

> எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸைப் பார்க்கச் செய்யும் ‘நெகட்டிவ் ஸ்டெயினிங்’ என்பதற்கு ‘எதிர்மறைச் சாயமேற்றல்’ போதுமே. பழகிய சொல்தானே?

பழகிய சொல்தான். ஆனால் கல்லீரல் அழற்சி (ஹெப்படைட்டிஸ்) பற்றிய குறிப்பில் அதை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இங்கே டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கமோ ஃபீனிக்ஸ் பக்கமோ யாரைக் கேட்டாலும், ரத்தப் பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்றால் நோய் இல்லை என்றுதான் பொருள். ‘எதிர்மறைச் சாயத்தில் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் தெரிந்தது’ என்று எழுதினால் வைரஸ் இருக்கிறதா, இல்லையா என்று நோயாளியின் வீட்டார் தவிப்பார்கள். போதாக்குறைக்கு எலக்ட்ரானை எதிர்மின்னி என்று படித்தவர்கள், சாயத்துக்கும் மின்னூட்டம் உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள்.

செய்முறையைப் பாருங்கள். ரத்தத்தின் தெளிநீரான சீரத்திலிருந்து பிரித்த துகள்கள்மேல் பாஸ்போடங்ஸ்டிக் அமிலம் போன்ற கன உலோகக் கரைசலை விட்டு உலர்த்துகிறோம். அது பெரும்பாலும் துகளுக்குள் ஏறாமல் சுற்றிலும் படிகிறது. எலக்ட்ரான்கள் அந்த உலோகத்தில் பட்டுச் சிதறுவதால் பின்புலம் கறுக்க, வைரஸ் வெளிறித் தெரிகிறது. 1970-இல் டேன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸின் 42 நானோமீட்டர் துகளைக் கண்டது இப்படித்தான். உள்ளே கரு, வெளியே உறை. கூடவே 22 நானோமீட்டர் உருண்டைகளும் இழைகளும் கிடந்தன. அவற்றில் மரபுப்பொருள் கிடையாது, வெறும் உறைப்பொருள்தான். ஆக, சாயம் செய்யும் வேலை சூழ்வது. ‘சூழ்சாயம்’ என்றால் அந்த வேலையே பெயராகிவிடுகிறது. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று வராது.

இந்த முறையை 1959-இல் ஹார்னுடன் சேர்ந்து செம்மைப்படுத்திய சிட்னி பிரென்னர் நம் தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டனில் பிறந்தவர். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து முப்பரிமாண வடிவத்தைக் கணக்கிடும் வழியைத் தந்து 1982-இல் நோபல் பரிசு பெற்ற ஆரன் குளுக் டர்பனிலேயே வளர்ந்தவர். நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் இதைத் தமிழிலேயே படிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது அதனால்தான்.

கல்லீரல் செல்லைப் பார்ப்பது வேறு வேலை. திசுவைக் குளுட்டரால்டிஹைடிலும் ஆஸ்மியத்திலும் பதப்படுத்தி, பிசினில் புதைத்து, வைரக் கத்தியால் 100 நானோமீட்டருக்கும் மெல்லிய சீவல்களாக வெட்டுகிறோம். அங்கே யுரேனிய, ஈய உப்புகள் செல்லின் சவ்வுகளையும் நியூக்ளிக் அமிலங்களையும் பற்றிக்கொண்டு அவற்றையே கறுப்பாக்குகின்றன. செல்லின் உட்கருவில் வைரஸின் கரு மட்டுமான துகள்கள் சிறு உருண்டைகளாகத் தெரியும். உட்கருவுக்கு வெளியே, வழவழப்பான எண்டோபிளாச வலை என்னும் சவ்வு வலைக்குள் உறைப்புரத இழைகள் நிறைந்திருக்கும். இதைப் ‘பற்றுசாயம்’ எனலாமா?

*

அன்புள்ள தங்கைக்கு,

சூழ்சாயம் எனக்குச் சம்மதம். நோயாளி வீட்டாரைப் பற்றி நீ சொன்னது ஒன்றே போதும். பற்றுசாயம் வேண்டாம் அம்மா. சாயம் என்றாலே பற்றுவதுதானே? அதற்கு வெறும் ‘சாயமேற்றல்’ என்றே இருக்கட்டும். விலகி நிற்பதற்குத்தான் தனிப்பெயர் தேவை.

இழைகள் நிறைந்த அந்தச் செல்கள் சாதாரண நுண்ணோக்கியில் தேய்த்த கண்ணாடிபோல மங்கித் தெரியுமே, அவற்றுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய்? ‘மங்கற்கண்ணாடிச் செல்’ சரிவருமா?

*

ஐயா,

சரி, சாயமேற்றலும் சூழ்சாயமும் என்றே குறிப்பைத் திருத்துகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘நெகட்டிவ் ஸ்டெயினிங் எனப்படும் சூழ்சாயம்’ என்று போடுகிறேன். மங்கற்கண்ணாடிச் செல் நன்றாக இருக்கிறது. திசுநோயியல் படித்தவர்கள் யாராவது மறுத்தால் பேசுவோம்.